எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு பூச்சு

நேயர்களுக்கு வணக்கம். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், காலுக்குள் கம்பி வைத்தவர்கள் இப்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த உலோகத்தின் மேல் எலும்பு வளர்வதற்காகப் பூசப்படும் பூச்சைப் பற்றியே இன்றைய உரை.

பூச்சே இல்லாத டைட்டேனியத்திலும் எலும்பு ஒட்டும். 1952ஆம் ஆண்டு சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் பொருத்திய டைட்டேனியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல் நின்றபோது இதைக் கண்டார். 1965இல் முதல் பல் நோயாளிக்கு அந்த முறையிலேயே டைட்டேனிய வேர் வைத்தார். அப்படியானால் பூச்சு எதற்கு? இடுப்பு மூட்டின் தண்டை, அதாவது தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகப் பகுதியை, எவ்வளவு கவனமாக அடித்து இறக்கினாலும் எலும்போடு அது எல்லா இடத்திலும் முட்டாது. ஆங்காங்கே இடைவெளி இருக்கும். நல்ல பூச்சிருந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைக்கூட எலும்பு தாண்டி வந்து பிடிக்கும். முதல் சில வாரங்களில் பிடிப்பும் சீக்கிரம் வரும்.

பூசப்படும் பொருள் ஹைட்ரொக்சிஅபடைட். கல்சியமும் பொஸ்பரசும் 10 அணுவுக்கு 6 அணு என்ற கணக்கில், அதாவது 1.67 விகிதத்தில், சேர்ந்த கனிமம். நமது எலும்பின் எடையில் பெரும்பகுதியும் இந்த வகைக் கனிமமே. ஆகவே எலும்பு கட்டும் கலங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இலண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் 1985இல் இந்தப் பூச்சிட்ட இடுப்புத் தண்டைப் பொருத்தத் தொடங்கினார்.

பூசும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. முதலில் அலுமினா மணலை வேகமாக அடித்து உலோகத்தைச் சொரசொரப்பாக்குவார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ மிஞ்சினால் பூச்சு பின்னர் உரிந்துவரும் என்பதால் நன்றாகக் கழுவுவார்கள். அடுத்தது பிளாஸ்மாத் துப்பாக்கி. ஆகன் வாயுவை மின்வில் 10,000 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாக்க, அந்தச் சுவாலைக்குள் தூள் ஊதப்படுகிறது. மணிகள் அதற்குள் இருப்பது ஆயிரத்தில் சில செக்கன்களே. வெளிப்புறம் உருகி, உள்ளே திண்மமாக இருக்கும் நிலையில் உலோகத்தில் மோதித் தட்டையாகிப் படிகின்றன. வழக்கமான தடிப்பு 50 முதல் 150 மைக்ரோன் வரை. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரம் மைக்ரோன்.

சூடு கூடிப்போனால் கனிமம் சிதைந்து வேறு பொஸ்பேற்றுகளாகவும் சுட்ட சுண்ணாம்பாகவும் மாறும். படிக ஒழுங்கும் குலையும். அப்படிப்பட்ட பூச்சு உடல் திரவத்தில் வேகமாகக் கரைந்து, எலும்பு வந்து சேருமுன்னரே காணாமல் போய்விடும். சூடு குறைந்தால் மணிகள் சரியாக ஒட்டாமல் உதிரும். அம்பாறை வயல்காரர்களுக்கு இந்தக் கரைதிறன் விஷயம் புதிதல்ல: உரமாகப் போடும் எப்பாவல பொஸ்பேற்றுக் கல்லும் அபடைட் குடும்பம்தான். அது மெதுவாகக் கரைவதால் தென்னைக்கும் தேயிலைக்கும் போகிறது, நாலு மாத நெல்லுக்கு அது காணாது. பூச்சு, வேகமாகக் கரைவதற்கும் இப்படி மெதுவாகக் கரைவதற்கும் நடுவே நிற்கவேண்டும். கொஞ்சம் கரைந்தால்தான் கல்சியமும் பொஸ்பேற்றும் அந்த இடத்திலேயே திரும்பப் படிந்து புதிய எலும்புக்குத் தளமாகும். (எப்பாவலக் கல்லை அரைத்துப் பூசலாமா என்று கேட்டுவிடாதீர்கள், உடலுக்குள் போகும் பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 30 பங்கையும், ஆசனிக் 3 பங்கையும் தாண்டக்கூடாது.)

தடிப்பாகப் பூசினால் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. ஆறும்போது இந்தக் கனிமம் டைட்டேனியத்தைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் பூச்சு இழுபட்டு வெடிக்கும். தடிப்புக் கூடக் கூட அந்த இழுவிசையும் கூடும். பூச்சைப் பசையால் ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையில் அது குறைந்தது 15 மெகாபாஸ்கலாவது (சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 150 கிலோ எடையின் இழுவையை) தாங்கவேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

எவ்வளவு நல்ல பூச்சானாலும் தண்டு அசைந்தால் வீண். எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையிலான அசைவு சுமார் 40 மைக்ரோனுக்குள் இருந்தால் எலும்பு பிடிக்கும். 150ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த் திசுவே வளரும். நடக்கும்போது தொடை வலிக்கும். சத்திர சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடக்கச் சொன்னால் சொன்ன காலம்வரை அப்படித்தான் நடக்கவேண்டும். புகைப்பதும், புகையிலையோடு வெற்றிலை போடுவதும், கட்டுப்படாத சீனி வருத்தமும் எலும்பு வளர்ச்சியை மந்தமாக்கும்.

சத்திர சிகிச்சைக் கூடத்தில் பூச்சிட்ட பகுதியைக் கையால் தொடாமல், சேலைனில் ஊறவைக்காமல், பொதியிலிருந்து எடுத்து நேரே பொருத்துவதே முறை. பொருத்தாமல் மிஞ்சியதைத் திரும்ப ஓட்டோகிளேவ் செய்து (நீராவியில் கிருமி நீக்கி) வைப்பது சரியல்ல.

எல்லாருக்கும் இது தேவை என்றும் இல்லை. எலும்பு நலிந்த முதியவர்களுக்கு இடுப்பு முறிந்தால் பூச்சில்லாத தண்டை எலும்புச் சீமெந்து வைத்துப் பொருத்துவதே பெரும்பாலும் பாதுகாப்பானது. பின்னர் கழற்றவேண்டிய பிளேட், ஸ்குரூவுக்கு இந்தப் பூச்சு உபத்திரவம். எலும்பு இறுக்கிப் பிடித்தால் கழற்றும்போது படாதபாடு. ஆனால் காலுக்கு வெளியே சட்டம் பூட்டும் பின்கள் மாதக்கணக்கில் இருக்கவேண்டியவை. அவற்றுக்குப் பூசினால் தளர்வு குறைகிறது.

பொருத்திய உறுப்பின் பெட்டியில் வகை, அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். வீடு போகுமுன் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதை மாற்றவேண்டி வந்தால், எந்தக் கருவியால் கழற்றுவது என்று வைத்தியர் முதலில் தேடுவது அந்த இலக்கத்தைத்தான்.