கடைசியாகச் சுற்றிய ஒரு கட்டு

நடுவர் ஐயா அவர்களுக்கும், அறுப்பின் பண்டிகைக்குக் கூடியிருக்கும் வேலூர்ப் பெரியோருக்கும், தாய்மாருக்கும், பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

கிறிஸ்தவரை உழைக்க வைப்பது குடும்பப் பொறுப்பா, கொடுக்கும் மனமா? இதுதான் தலைப்பு. கொடுக்கும் மனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, அந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். அங்கே பேச்சே விதவைகளைப் பற்றியது. 16-ஆம் வசனத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டு விதவையை நீங்களே பாருங்கள், அப்போதுதான் நாதியற்ற விதவைக்குச் சபை உதவ முடியும் என்கிறார். வீட்டைக் கவனிக்கச் சொல்லும்போதும் அவர் கண் வெளியே நிற்கிறவள் மேல் இருக்கிறது.

எபேசியர் 4:28-ல் திருடனிடம் பேசுகிறார். இனித் திருடாதே, கையால் வேலை செய். எதற்கு? நாமாக இருந்தால் 'உன் வயிற்றுக்கு' என்று சொல்லியிருப்போம். பவுலோ, இல்லாதவனுக்குக் கொடுக்க உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே என்கிறார். நேற்று வரை பிறர் பொருளை எடுத்த கையிடம் இதைக் கேட்கிறார்! இப்படிக் கேட்ட பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்தான்.

கை என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட், ஆங்கிலேய அறுவை மருத்துவர். கொல்லிமலையில் பிறந்து, மருத்துவத்துக்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். குடும்பம் நடத்த அவருக்கு லண்டனில் வேலை கிடைக்காமலா 1946-ல் வேலூருக்கு வந்தார்? தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். கை சரியானது. அப்புறம்தான் சோதனை. நல்ல கையைப் பார்த்துப் பிச்சை போட ஆளில்லை. நோய் வந்தவன் என்று வேலை கொடுக்கவும் ஆளில்லை. அறுவை முடிந்தது, இனி உன் பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. அவர்களுக்காகப் புதுவாழ்வு மையம் தொடங்கி, தான் கற்ற தச்சு வேலையையே கற்றுக்கொடுத்தார். வாங்கத்தான் தெரியும் என்று ஊர் ஒதுக்கிய கைகள் மரப்பொம்மை செய்து விற்றன.

சரி, அவர் பெரிய மனிதர். என் அம்மாவைச் சொல்கிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றினார். அப்பா இல்லாத வீடு, நாங்கள் மூன்று பிள்ளைகள். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி, மூலையிலிருந்த சின்னப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கைப்பிடி அரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து யார் வீட்டு அடுப்புக்கோ போகும். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் பசியில் கேட்டேன், "நமக்கே பத்தலையேம்மா?"

முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தாண்டா தினமும் ஒரு கட்டு கூட சுத்துறேன்."

எங்களுக்கான பீடியைப் பகலிலேயே சுற்றி முடித்துவிடுவார். அந்தக் கூடுதல் கட்டு இருபத்தைந்து பீடியையும், நாங்கள் படுத்த பிறகு விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு சுற்றினார். நடுவர் ஐயா, அந்த ஒரு கட்டை எந்த அணியின் கணக்கில் எழுதுவது என்று உங்கள் தீர்ப்பில் சொல்லுங்கள்.