மழையின் அந்தப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸ் பயணம் என்று தலைப்புப் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் மழையைப் பற்றித்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாரிஸ் இதில் வராது.

தென் பிரான்சில் செவேன் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. மோன்பெலியே நகரில் வாடகைக்கு ஒரு பைக் எடுத்துக்கொண்டு, அக்டோபர் மாதத்தில் தனியாக அங்கே போனேன். கடலோரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. மலையடிவாரத்தில் லெ விகான் என்ற சிற்றூர். காபிக்கடை வாசலில் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து எகுவால் சிகரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஊர் இருப்பது 230 மீட்டர் உயரத்தில், சிகரம் 1,560 மீட்டருக்கும் மேலே. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும். அந்தக் கணக்குப்படி உச்சியில் எட்டு டிகிரி குறைவு. இது நின்றுகொண்டிருப்பவனுக்கான கணக்கு. பைக்கில் போகிறவனுக்குக் காற்று தனியாக வசூலிக்கும்.

அந்த மலையில் ஏன் அப்படிக் கொட்டுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடல், இலையுதிர் காலத்தில் ஈரக்காற்றை வடக்கே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்குக் குறுக்கே சுவர் வைத்த மாதிரி நிற்கிறது செவேன். காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. நகராமல் அதே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டுவதுதான் ஆபத்து. 2020 செப்டம்பரில் வல்ரோக் பகுதியில் ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. தூத்துக்குடிப் பக்கம் ஏறக்குறைய ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழை அது.

எகுவால் உச்சியில் கோட்டை மாதிரி ஒரு கல் கட்டடம் இருக்கிறது. 1894-இல் திறந்த வானிலை ஆய்வுக்கூடம். கட்டியது வனத்துறை. ஆடுமாடு மேய்ந்தும் விறகுக்கு வெட்டியும் அந்த மலை ஒரு காலத்தில் மொட்டையாகிவிட்டிருந்தது. மண் அரித்து, கீழே ஊர்களில் வெள்ளம். ஜார்ஜ் ஃபாப்ர் என்ற வன அதிகாரி பல ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் காடு வளர்த்தார். இன்று நாம் வண்டி ஓட்டும் அந்த நிழல் அவர் போட்டது. நான் போனபோது நிழலுக்கு வேலையில்லை, அது வேறு விஷயம்.

ஏற்றத்தில் பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் கண்ணாடியின் வெளிப்புறம் துளிகள், உள்புறம் மூச்சின் ஆவி. ஒரு விரல்கடை திறந்தால் ஆவி போகும், பதிலுக்கு மழை முகத்தில் ஊசியாய்க் குத்தும். கையுறையின் வாய் ரெயின்கோட் கைக்குள் போய்விட வேண்டும். மேலே விட்டால் கைவழியாக இறங்கும் தண்ணீரெல்லாம் விரலுக்குள் சேரும். விரல் விறைத்துவிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அப்புறம் செஸ்நட் மரங்கள். அந்தக் காய் ஒரு காலத்தில் செவேன் ஏழைகளுக்குச் சோறு. அக்டோபரில் அதன் இலையும் முள்ளுத்தோலும் வளைவுகளில் ஒட்டிக் கிடக்கும். ஈரத்தில் அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கல்தான். சாலையில் போட்ட வெள்ளைக்கோடும் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் அதைத் தொடாமல் ஓட்டப் பழக வேண்டும்.

ஒதுங்குவதற்கு ஒரு இடம் சொல்கிறேன். பிரெஞ்சுக் கிராமங்கள் பலவற்றில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த பழைய பொதுத் துவைப்பிடம் இருக்கும். கல் தொட்டி, மேலே ஓட்டுக்கூரை. இன்று யாரும் துவைப்பதில்லை, கூரை மட்டும் பத்திரமாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன். நாயோடு வந்த பெரியவர் ஒருவர் வண்டியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். “உச்சியில் நிற்காதீர்கள். அந்தப் பக்கம் இறங்கிவிடுங்கள், காய்ந்திருக்கும்” என்றார். என் அரைகுறை பிரெஞ்சுக்கும் அது புரிந்தது.

அவர் சொன்னதுதான் நான் இன்று சொல்ல வந்ததும். வானிலைச் செயலி ஊருக்கு ஒரு மேகப்படம் போட்டுக் காட்டும். மலைநாட்டில் ஓட்டுகிறவனுக்கு அது போதாது. நாம் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கேட்க வேண்டும். எகுவாலின் தெற்குச் சரிவில் விழும் தண்ணீர் எரோ ஆற்றில் கலந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. வடக்குச் சரிவில் விழுவது ஜோந்த், தார்ன், கரோன் என்று ஆறு மாறி ஆறு மாறி அட்லாண்டிக்குக்குப் போகிறது. உச்சியில் மூடுபனி, முன்சக்கரமே சரியாகத் தெரியவில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் அங்கே அப்படித்தானாம். நிற்கவில்லை. வடக்கே மெய்ரூயெஸ் ஊருக்கு இறங்கினேன், தார் காய்ந்து கிடந்தது!

அங்கிருந்து ஜோந்த் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். அங்கே பிணந்தின்னிக் கழுகுகள் அற்றுப்போயிருந்தன, 1981-இலிருந்து மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தலைக்கு மேல் வட்டமிடுகின்றன. அவை மிதக்க மேலெழும் காற்று வேண்டும். எல்லாம் பாறையில் குந்திக்கொண்டிருந்தால் நானும் ரெயின்கோட்டைக் கழற்ற மாட்டேன்.

தனியாகப் போனது நல்லதா? இந்த விஷயத்தில் நல்லது. நாலு பேராகப் போனால் ‘நிறுத்துவோமா’ என்று முதலில் கேட்பவன் கோழை. அதனால் யாரும் கேட்பதில்லை. தனியாளுக்கு அந்த வெட்கம் இல்லை. ஆனால் விழுந்தால் தூக்க ஆளில்லை, பள்ளத்தாக்கில் சிக்னலும் போய்விடும். எந்த வழியாகப் போகிறேன் என்று விடுதியில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். முழுக்கத் தனி என்றும் சொல்ல முடியாது. எதிரே வரும் பைக்காரர் ஒவ்வொருவரும் இடக்கையை நீட்டி வணக்கம் வைப்பார். வழிவிட்ட காருக்கு நன்றி சொல்ல வலது காலை வெளியே நீட்டுவார்கள், வலக்கை ஆக்சிலரேட்டரில் மாட்டியிருக்கிறதே! நம் ஊரில் ஒருவரை நோக்கிக் காலை நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் சுருக்கமாக. கையுறை 2016 நவம்பரிலிருந்து கட்டாயம், ஒளிரும் மேல்சட்டை ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டினால் வேகம் 50, தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிராமத்துக் கடைகள் மூடினால் இரண்டு மணிவரை திறக்காது. ரொட்டியை முன்பே வாங்கிப் பையில் வையுங்கள்.

எப்போது போகலாம்? ஜூன் நல்லது. செப்டம்பர் பாதிக்கு மேல் போனால் தினமும் காலையில் பிரெஞ்சு வானிலைத் துறையின் வண்ண வரைபடத்தைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 1999 டிசம்பரில் அடித்த இரண்டு பெரும் புயல்களுக்குப் பிறகு, 2001-இல் கொண்டுவந்த ஏற்பாடு. மஞ்சள் என்றால் எந்தப் பக்கம் என்று யோசித்து ஓட்டலாம். ஆரஞ்சுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எனக்கு ஆரஞ்சு வந்த அன்று வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. அந்த மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் விளையும் இனிப்பு வெங்காயத்தில் விடுதிக்கார அம்மா சூப் வைத்துக் கொடுத்தார். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

சரி, கேள்விகளுக்கு நேரம் விடச் சொல்லியிருக்கிறார்கள். வாடகை, செலவு எல்லாம் இப்போது கேட்கலாம்.