மாண்டரின் மீன் ஏன் மெலிகிறது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோயம்புத்தூரில் மாண்டரின் மீன் ஒன்று வாங்கி, 2 மாதத்துக்கு முன் அமைத்த 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் விட்டேன். தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, நிறமும் மங்கவில்லை. ஆனால் குருணைத் தீவனத்தைத் தொடாமல் மெலிந்துகொண்டே போகிறது. இது என்ன நோய்?"

நோய் என்று எண்ணி மருந்து எதையும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது பட்டினியால்தான் மெலிகிறது. மேற்குப் பசிபிக் கடலின் பவளத்திட்டுகளில் வாழும் இந்த மீன், ஏறத்தாழ 6, 7 சென்டிமீட்டர் நீளமே இருந்தாலும், மேய்ச்சலுக்கு விட்ட ஆட்டைப் போலப் பகல் முழுவதும் பாறை இடுக்குகளில் ஊரும் கோப்பிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். அசையாத குருணையை அது பெரும்பாலும் உணவாகவே கருதுவதில்லை. 2 மாதத் தொட்டியில் அந்த ஓட்டுயிரிகள் போதிய அளவு பெருகியிருக்க வாய்ப்பில்லை. இருந்த கொஞ்சத்தையும் அது சில நாட்களிலேயே தின்று தீர்த்திருக்கும்.

நிறத்தை வைத்து அதன் நலத்தை மதிப்பிடாதீர்கள். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளிச்சிதறலால் தோன்றுவது. இதன் நீலமோ தோலின் உயிரணுக்களிலேயே இருக்கும் உண்மையான நிறமி, முதுகெலும்புள்ள உயிர்களில் மிக அரிதாகக் காணப்படுவது. வயிற்றைப் பாருங்கள்: அது உட்குழிந்து, பக்கவாட்டில் எலும்பு தெரியத் தொடங்கினால் காலம் குறைவு என்று பொருள்.

இன்றிலிருந்தே, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) குஞ்சுகளை நாளுக்குப் பல முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொரித்து ஒரு நாள் கடந்தால் அவற்றின் சத்து குறைந்துவிடும். கூடவே, கோப்பிபாடு வளர்ப்பு கிடைத்தால் தனி வாளியில் நுண்பாசி ஊட்டிப் பெருக்கி, விளக்கை அணைத்த பிறகு தொட்டியில் விடுங்கள். பாறை அதிகம் வேண்டும் என்பதற்காகக் கடலிலிருந்து எடுத்த பவளத்துண்டை வாங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். செயற்கைப் பாறையே போதும், அதில் உயிர் ஊறச் சில மாதங்கள் ஆகும். பாலக்காட்டுக் கோடையில் தண்ணீர் 27 பாகையைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் இயலாது என்றால், பல ஆண்டுகள் பழகிய பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் மீனை ஒப்படைத்துவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். உங்கள் தொட்டிக்குப் பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் பொருந்தும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையம் அதன் இனப்பெருக்க முறையை நன்கு வகுத்திருக்கிறது, அவ்வாறு வளர்ந்த குஞ்சுகள் குருணையையும் தயங்காமல் உண்ணும்.