ஹிப் ஹாப் ஆவணப்படங்கள்: எங்கிருந்து தொடங்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். ராப், டிஜே இசை, பிரேக் டான்ஸ், ஸ்ப்ரே ஓவியம் எல்லாம் சேர்ந்த ஹிப் ஹாப் பற்றி ஒரே ஒரு ஆவணப்படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், 'ஸ்டைல் வார்ஸ்' பாருங்கள். டோனி சில்வர் இயக்கி, ஹென்றி சால்ஃபன்ட்டோடு சேர்ந்து தயாரித்து, 1983இல் வந்த படம். நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகள் மேல் ராத்திரியில் ஸ்ப்ரே பெயின்ட்டால் தங்கள் பெயரை வரைந்த பையன்களின் கதை அது. கூடவே பிரேக் டான்ஸும் ராப்பும் வருகின்றன. இதெல்லாம் உலகம் முழுக்கப் போகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் பழைய நினைவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எல்லாம் நம் கண்முன்னே நடக்கிறது.

அதில் ஸ்கீம் என்று ஒரு பையன். ரயிலில் எழுதி என்ன கிடைக்கப்போகிறது என்று அவன் அம்மா வீட்டில் வைத்துக் கேட்கிறார். இது எனக்கும் என்னைப் போல எழுதுகிறவர்களுக்கும்தான், மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை என்கிறான் அவன். அம்மா பேச்சில் இருக்கும் தவிப்பும் நியாயம், பையன் பிடிவாதமும் நியாயம். படம் யார் பக்கமும் சாயாமல் இருவரையும் பேச விடுகிறது. 1989க்குள் நகர நிர்வாகம் ரயில்களைச் சுத்தம் செய்து முடித்துவிட்டது. அந்த ஓவியங்கள் ஓடும் ரயிலில் போவதைப் பார்க்க இப்போது இப்படிப்பட்ட படங்கள்தான் மிச்சம்.

அடுத்தது டக் ப்ரே எடுத்த 'ஸ்க்ராட்ச்', 2001. இது டிஜேக்களை, அதாவது இசைத்தட்டுகளை ஓடவிட்டு இசை உண்டாக்குகிறவர்களைப் பற்றியது. சத்தத்தைக் குறை என்று அம்மா வந்து அதட்டியபோது, ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்ததில்தான் 'ஸ்க்ராட்ச்' என்ற அந்தக் கீறல் ஒலி பிறந்தது என்கிறார் டிஜே கிராண்ட் விசார்ட் தியோடர். எனக்கு அதைவிடப் பிடித்தது டிஜே ஷேடோ வரும் இடம். இசைத்தட்டுக் கடையின் நிலவறையில், கூரைவரை குவிந்து கிடக்கும் பழைய தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். இவை எல்லாம் யார் யாரோ கண்ட கனவுகள், பத்து வருஷத்தில் என் தட்டும் இங்கேதான் வரும் என்கிற மாதிரி பேசுகிறார். பெரிய நட்சத்திரங்களின் வெற்றிக் கதையாக வரும் படங்களில் இந்தப் பணிவு அபூர்வம்.

ஹிப் ஹாப்பின் வேர் தேடுகிறவர்களுக்கு ஷான் நிக்கல்சனின் 'ரபிள் கிங்ஸ்'. 1971 டிசம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், சமாதானம் பேசப் போன இளைஞர் ஒருவர் கொல்லப்படுகிறார். அவருடைய கூட்டமான கெட்டோ பிரதர்ஸ் பழிவாங்கவில்லை; மற்ற கும்பல்களை எல்லாம் அழைத்துச் சமாதானம் பேசியது. ஒரு கும்பலின் எல்லை தாண்டி இன்னொன்றின் தெருவுக்குப் போகலாம் என்று ஆன பிறகுதான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பார்ட்டிக்கு வர முடிந்தது என்கிறது படம். ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று சொல்லப்படும், டிஜே கூல் ஹெர்க்கின் புகழ்பெற்ற பார்ட்டி 1973 ஆகஸ்டில். வன்முறை உண்டு, சிறு பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

அப்புறம், நம் மாயா அருள்பிரகாசம், அதாவது ராப் பாடகி எம்.ஐ.ஏ. பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.', 2018. இலங்கையிலிருந்து சிறுமியாக லண்டனுக்கு அகதியாகப் போனவர் அவர். ஆவணப்பட இயக்குநராகத்தான் ஆசைப்பட்டார். இலங்கைக்குப் போய் உறவினர்களோடு அவரே எடுத்த காட்சிகள் இதில் நிறைய. ராப் இசையே பிடிக்காது என்கிறவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்கலாம். நன்றி, வணக்கம்.