கூட்டாளி அமைப்பை எப்போது அழைப்பது?

வணக்கம் நண்பர்களே. மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது கூட்டாளி அமைப்புகளை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? முதல் வரி எழுதுவதற்கு முன்பே என்பதுதான் என் பதில்.

பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை முன்மொழிவை முழுதாக எழுதி முடித்துவிட்டு, கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது மூன்று அமைப்புகளிடம் ஆதரவுக் கடிதம் கேட்டேன். மாதிரிக் கடிதத்தையும் நானே அனுப்பினேன். மூன்றும் வரிக்கு வரி ஒரே மாதிரி வந்தன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூட்டாளிகள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதே புரியவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். நியாயமான குறைதான், நாங்களே அதைப் பேசி முடிவு செய்திருக்கவில்லை.

அடுத்த முறை எழுதுவதற்கு முன்பே, வெறும் வேலை அட்டவணையோடு ஒரு கூட்டாளி அமைப்பிடம் போய் உட்கார்ந்தேன். மாலையில் பயிற்சி என்று போட்டிருந்தேன். "எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் வேலையே தொடங்கும்" என்றார் அங்கிருந்த களப்பணியாளர். அந்த ஒரு வரியால் திட்டமே மாறியது. நான் தனியாக எழுதியிருந்தால் பயிற்சிக்கு ஆளே வந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் கடிதம். "திட்டத்தை வரவேற்கிறோம்" என்பதால் பயனில்லை. "எங்கள் பணியாளர் இருவர், வாரத்துக்கு 8 மணி நேரம், 12 மாதங்களுக்கு" என்று இருக்க வேண்டும். அதே கணக்கு பட்ஜெட்டிலும் இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் மதிப்பீட்டாளர் கண்ணில் உடனே படும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். அவர்களுடைய ஆட்களின் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. பெரும்பாலும் முதன்மை விண்ணப்பதாரர்தான் கூட்டாளியின் செலவுக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் யார், எந்தத் தேதிக்குள் ரசீதும் அறிக்கையும் தர வேண்டும் என்பதைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சில இடங்களில் கூட்டாளி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவின் கூட்டுத் திட்டங்களில் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த, ஒன்றையொன்று சாராத மூன்று அமைப்புகளாவது இருக்க வேண்டும். அப்போதும் எண்ணிக்கைக்காக யாரையும் சேர்க்காதீர்கள். இவர்கள் விலகினால் எந்த வேலை நிற்கும் என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுப் பாருங்கள். எதுவும் நிற்காது என்றால் நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

இப்போதைய விண்ணப்பத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நாளை இரண்டு கூட்டாளிகளோடு பட்ஜெட் பேசப்போகிறோம். தலைப்பைக்கூட இன்னும் எழுதவில்லை.