கான்த்லூய்ட் காட்டுல அம்மா புடுங்குன செடி

(வேல்ஸ் நாட்டு கார்டிஃப்ல நம்ம தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுல பேசினது. நைட் டூட்டியால வரமுடியாதவங்க நிறைய பேர் கேட்டதால எழுதிப் போடறேன். மேடையில விட்டுப்போன ஒண்ணு ரெண்டையும் சேத்திருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்துக்கள்!

மேடையில இருக்குற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அக்கா அவர்களே, ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு வீட்டுக்குக்கூட போகாம நேரா இங்க வந்திருக்குற டாக்டர் அம்மா அவர்களே, நம்ம அழைப்ப ஏத்து வீட்டுக்காரரோட வந்திருக்குற மாண்புமிகு கவுன்சிலர் அம்மா அவர்களே. கவுன்சிலர் அம்மா வந்ததும் "வணக்கம்"னு தமிழ்ல சொன்னாங்க, நான் பதிலுக்கு "ப்ரின்ஹான் டா"ன்னு வெல்ஷ்ல சொன்னேன், அவங்க முகத்துல வந்த சந்தோஷத்த நீங்கள்லாம் பாத்தீங்க. காலைல நாலு மணிக்கே வந்து பானை வச்ச சமையல் குழு, சனிக்கிழமை தவறாம நம்ம பிள்ளைங்களுக்கு அ ஆ சொல்லித்தர்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், இந்த ஹால தொறந்து விட்டு ஹீட்டரையும் போட்டு வச்ச காவலர் ஐயா, எல்லாருக்கும் முதல் நன்றி. இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க, அதுல மூணு நிமிஷம் நன்றிக்கே போச்சு, பரவால்ல, அது செய்யவேண்டியது தான்.

நான் இன்னைக்கு மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு, இந்த வேல்ஸ் நாட்டுக் காடு எப்படிப்பட்ட காடு. ரெண்டு, அதுக்கு வந்திருக்குற ஆபத்து. மூணு, இங்க இருக்குற பொது நடைபாதைச் சட்டம். எல்லாத்துக்கும் மேல ஒரு பழமொழி இருக்கு, என் பேச்ச முன்னாடி கேட்டவங்களுக்குத் தெரியும், அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும். இத நான் எங்க போனாலும் சொல்லுவேன், இன்னைக்கு சொல்றதுக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கு.

நம்ம ஊர்ல இருந்து கிளம்புற ஏ470 ரோடு தெரியும்ல, கார்டிஃப்ல ஆரம்பிச்சு வடக்க லான்டட்னோ கடற்கரை வரைக்கும் 186 மைல் போகுது. நம்மள்ல பாதிப்பேரு அதுல பென்-ஒய்-ஃபேன் மலை வரைக்கும் போயி போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறோம். அப்படியே இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டுனா டோல்கெத்லாய்னு கருங்கல் வீடுங்களா இருக்குற ஒரு சின்ன டவுன் வரும், அதத் தாண்டுன உடனே ரோட்டோரமா கான்த்லூய்ட்னு ஒரு கிராமம். அந்த "த்ல"ன்னு நான் சொல்றது வெல்ஷ்ல ரெண்டு எல் சேத்து எழுதுறது, நாக்க "ல"வுக்கு வைக்கிற எடத்துல வச்சுக்கிட்டு காத்த மட்டும் ஊதணும், ழ சொல்லத் தெரிஞ்ச நமக்கு அது பெரிய கஷ்டமே இல்ல. வண்டிய நிறுத்திட்டு ரோட்டத் தாண்டுனா காடு ஆரம்பிச்சிடும். கோயெட் கான்த்லூய்ட். வெல்ஷ்ல கோயெட்னா காடு, மரங்கள். நம்ம காடுக்கும் அதுக்கும் மொழி வழியா ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா காதுல கேக்குறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

அது ஓக் மரக்காடு. மழைக்காடுன்னாலே நமக்கு அமேசானும் சைலன்ட் வேலியும் தான் ஞாபகம் வரும், ஆனா குளிர் நாட்டு மழைக்காடுன்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டருக்கு மேல மழை, வருஷம் பூரா ஈரம், அட்லான்டிக் கடல் காத்து. மரத்துக்கு மேல பாசி, பாசிக்கு மேல பெரணி, கல்லு ஒண்ணுகூட வெறுங்கல்லா தெரியாது. கேம்லன்னு ஒரு ஓடை வருது, ராயடர் தீன்னு ஒரு அருவி, அதுக்கு அர்த்தம் கருப்பு அருவி, தண்ணி வெள்ளையா தான் விழுது, பின்னாடி இருக்குற பாறை தான் கன்னங்கரேல்னு இருக்கு. ஏப்ரல் மாசம் மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து ஈப்பிடிப்பான் குருவிங்க பறந்து வந்து இந்த ஓக் மரப் பொந்துல தான் குஞ்சு பொரிக்குது.

பக்கத்துலயே தங்கச் சுரங்கமும் இருந்துச்சு, சொன்னா நம்ம அக்காங்க நிமிந்து உக்காருவாங்க. டோல்கெத்லாய் பக்கத்து க்ளோகை சுரங்கத்துத் தங்கத்துல தான் 1923ல இருந்து அரச குடும்பத்துக் கல்யாண மோதிரம் செஞ்சிருக்காங்க. ஆனா அந்த ஊரு ஏழைங்கள பல தலைமுறை வாழ வச்சது தங்கம் இல்ல, இந்த ஓக் தான். மரத்த அடியோட சாய்க்காம வெட்டி வெட்டி துளிர்க்க விடுவாங்க, கட்டை கரி சுடப்போகும், அந்தக் கரி இரும்பு உருக்கப்போகும், பட்டை தோல் பதனிடப்போகும். முதல் உலகப்போர்ல மரத்துக்குத் திண்டாடிப்போயி 1919ல வனத்துறை ஆரம்பிச்சாங்க, மலை மலையா சிட்கா ஸ்ப்ரூஸ்னு ஊசியிலை மரம் நட்டாங்க, பழைய ஓக் காடு பல எடத்துல அதுக்கு நடுவுல சிக்கிக்கிச்சு. தப்பிச்சதுல ஒண்ணு இது.

இப்ப அம்மா கதைக்கு வர்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசக் கடைசியில பேங்க் ஹாலிடே லீவுல அம்மாவ அங்க கூட்டிட்டுப் போனேன். அம்மா கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துல முப்பது வருஷம் கொழுந்து கிள்ளுனவங்க. இங்கிலீஷ்ல தேங்க்யூ தவிர ஒண்ணும் தெரியாது. கார்டிஃப்ல பதினஞ்சு நாளா வீட்டுக்குள்ளயே ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தவங்க, அந்தக் காட்டுக்குள்ள கால வச்சதும் ஆளே மாறிட்டாங்க. ஷால இடுப்புல சுத்திக் கட்டுனாங்க, என்னை முன்னாடி விடல, அவங்களே முன்னாடி போறாங்க. ஒரு ஓக் கிளை தாழ்வா இருந்துச்சு, அதுல சாம்பலும் பச்சையுமா தகடு தகடா ஒட்டிக்கிட்டு இருந்தத விரல் நுனியில தொட்டுப் பாத்துட்டு மோந்து பாத்தாங்க. "டேய் கண்ணு, இது கல்பாசிடா! நம்ம கறிக்கொழம்புக்கு போடுறது!" நான் நம்பல. அப்புறமா படிச்சுப் பாத்தா அவங்க சொன்னது சரி, நம்ம கல்பாசியும் லைக்கன்னு சொல்ற அதே வகை தான், அந்தக் குடும்பத்துல பல ஜாதி வேல்ஸ் ஓக் மரத்துல வளருது. காத்து சுத்தமா இல்லாத எடத்துல அதுல பல வகை தங்கவே தங்காது. புடுங்கிக்கலாமான்னு கேட்டாங்க, இது பாதுகாக்கப்பட்ட காடும்மா, தொடக்கூடாதுன்னேன், உடனே கைய எடுத்துட்டாங்க.

திரும்புறப்ப வழி மாறிட்டோம். மஞ்சள் அம்புக்குறிய விட்டுட்டு வேற ஒரு கேட்டத் தொறந்து போயிட்டோம், பாத்தா புல்லு மாதிரி இருந்தது பூரா சதுப்பு. அம்மா வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு. நான் புடிச்சு இழுத்தேன், கால் வந்துச்சு, ஷூ வரல. கைய விட்டுத் துழாவுறேன், குளிர்ல விரலு மரத்துப்போச்சு, ஷூ கெடைக்கல. அந்த நேரம் மேல இருந்து ஒரு குவாட் பைக் சத்தம், எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவரு, பின்னாடி ஒரு கருப்பு வெள்ளை நாய். அவரு நெலத்துல வழி தெரியாம வந்துட்டோமே, திட்டுவாருன்னு தான் நெனச்சேன். அவரு அம்மாவோட வெறுங்காலப் பாத்தாரு, ஒண்ணுமே கேக்கல, வண்டிய நிறுத்திட்டு தன்னோட கையுறைய கழட்டி அம்மா கையில குடுத்துட்டு வாங்கன்னு முன்னாடி நடந்தாரு.

வீட்டுல அவரோட வீட்டுக்காரம்மா. அவங்களுக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும், ஆனா அம்மாவுக்குத் தெரியாதுன்னு புரிஞ்சதும் இங்கிலீஷ விட்டுட்டாங்க. அவங்க வெல்ஷ்ல பேசுனாங்க, எங்க அம்மா தமிழ்ல பேசுனாங்க. வெந்நீர்ல கால் கழுவ வச்சாங்க, கம்பளி சாக்ஸ் குடுத்தாங்க, டீ போட்டு பாரா பிரித்துன்னு திராட்சையெல்லாம் போட்ட ரொட்டிய வெண்ணெய் தடவி வச்சாங்க. "இந்தம்மாவுக்கும் முட்டி வலி தான்டா"ன்னு அம்மா என்கிட்ட சொல்றாங்க, எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல.

வீட்டுக்குப் பின்னாடி சரிவு பூரா ஊதாப் பூவா பூத்துக் கெடந்துச்சு. அம்மா பாத்துட்டு "இது நம்ம காட்டுப்பூவரசு மாதிரியே இருக்கே, எவ்வளவு அழகு!"ன்னு கன்னத்துல கை வச்சாங்க. நீலகிரி சோலைக்காட்டுல செவப்பா பூக்கும்ல, அது. அந்தப் பெரியம்மா வேகமா தலைய ஆட்டுனாங்க, இல்ல இல்லன்னு. அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி கீழ காமிச்சாங்க. புதருக்கு அடியில ஒண்ணும் இல்ல. புல்லு இல்ல, பெரணி இல்ல, ஒரு ஓக் கன்னு இல்ல. வெறும் கருப்பு மண்ணு, ராத்திரி மாதிரி இருட்டு. கொஞ்சம் தள்ளி வெளிச்சத்துல விரல் நீளத்துக்குக் குட்டிச் செடிங்க நூறு நூறா மொளச்சிருந்துச்சு. ஒண்ண வேரோட புடுங்கிப் போட்டாங்க அந்தம்மா.

எங்க அம்மாவுக்கு அதுக்கு மேல யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கல. குந்தி உக்காந்தாங்க. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளுன கை அது, ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யுது, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு, மடியில போட்டு மடி நெறஞ்சதும் கொட்டுறாங்க. அந்தம்மா பின்னாடியே குனிஞ்சாங்க. அரை மணி நேரத்துல ஒரு குவியல். பெரியவரு பாத்துட்டே நின்னாரு. அப்ப அந்தம்மா இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிமிந்து ஒரு வரி சொன்னாங்க, "டவல் டோங்க் அ டீர் அ காரெக்". என்னன்னு பெரியவருகிட்ட கேட்டேன். விடாம தட்டிக்கிட்டே இருந்தா கல்லும் உடையும்னு அர்த்தம், பழைய வெல்ஷ் பழமொழின்னாரு. நான் அத அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன். அம்மா கையில மண்ணோட நிமிந்து பாத்து, "ஆமா, அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்"னாங்க.

(இந்த எடத்துல ஹால்ல கைதட்டல் நிக்க கொஞ்ச நேரம் ஆச்சு.)

அந்தச் செடி பேரு ரோடோடென்ட்ரான் பான்ட்டிகம். 1763ல பிரிட்டனுக்குக் கொண்டுவந்தாங்க, ஸ்பெயின் பக்கமும் கருங்கடல் பக்கமும் வளர்றது. பண்ணை முதலாளிங்க பூவுக்காகவும், வேட்டைக்கு வளக்குற பறவைங்க ஒளியறதுக்காகவும் நட்டாங்க. இலை விஷம், ஆடு திங்காது. ஒரு பெரிய புதர் வருஷத்துக்குப் பத்து லட்சம் விதை வரைக்கும் போடும், தூசி மாதிரி விதை, காத்துல போயிடும், பாசி ஈரத்துல சொகமா மொளைக்கும். வெட்டுனா தூர்ல இருந்து மறுபடி துளிர்க்கும். ஆனா ஒண்ணு, விதை மொளச்சு பூக்க பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷத்துக்குள்ள கையால புடுங்கிட்டா அந்தச் செடி கதை அதோட முடிஞ்சது. பெரிய புதருக்கு மருந்தும் மெஷினும் வேணும், அத இந்தக் காடு இருக்குற தேசியப் பூங்காவோட நிர்வாகமும் கான்ட்ராக்டருங்களும் பாத்துப்பாங்க, மெஷின் போன எடத்துல அடுத்த வருஷம் மொளைக்கிறத யாரு பாக்குறது? அதுக்குக் கை வேணும். நெறைய கை.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். அன்னைக்கு வர்ற வழியில மலைச்சரிவுல மஞ்சளா ஒரு முள்ளுச்செடி பூத்திருந்துச்சு, இங்க ஐதின்னு சொல்றாங்க, இங்கிலீஷ்ல கோர்ஸ். அம்மா அதப் பாத்துட்டு, இது ஊட்டி பக்கம் புல்வெளியெல்லாம் புடிச்சுக் கெடுத்த செடியாச்சேன்னாங்க. உண்மை. இங்க அது சொந்த மண்ணுச் செடி, குருவிங்க கூடு கட்டுது. அங்க வெள்ளைக்காரங்க காலத்துல போயி நீலகிரிப் புல்வெளிய மூடிக்கிட்டு இருக்கு. அங்க நம்ம ஆளுங்க அதப் புடுங்கிக்கிட்டு இருக்காங்க. நாம இங்க ரோடோடென்ட்ரானப் புடுங்குவோம்னு தான் கேக்குறேன், நம்ம பிள்ளைங்க பொறந்த மண்ணு இது, அவங்க பள்ளிக்கூடத்துல வெல்ஷ் படிக்கிறாங்க, எரரின்னு தான் அந்தப் பூங்காவுக்குப் பேரு, 2022ல இருந்து நிர்வாகமே ஸ்னோடோனியாவ விட்டுட்டு அப்படித் தான் சொல்லுது. பேர அவங்க மீட்டுக்கிட்டாங்க. காட்ட மீட்க நாமளும் கை குடுப்போமே.

நடைபாதைச் சட்டம் பத்தி, 1949 சட்டத்துல வழி எல்லாம் மேப்ல போட்டாங்க, ஹ்லூய்பர் கஹோய்த்தஸ், அதாவது பொது நடைபாதைன்னு போர்டு இருந்தா தனியார் நெலமா இருந்தாலும் தைரியமா நடக்கலாம், கேட்ட மட்டும் மூடிட்டுப் போங்க. மீதிய தலைவர் ஐயா மணியப் பாக்குறதால வேற நாள்ல பேசறேன்.

வேலை நாளுக்கு வர்றேன். மார்ச்ல பறவைங்க கூடு கட்ட ஆரம்பிச்சிடும், அதனால பிப்ரவரி மூணாவது சனிக்கிழமை. அந்தப் பெரியவரு நெலத்துல, அவரு சம்மதத்தோட. காலைல அஞ்சரைக்கு இந்த ஹால் வாசல்ல வேன். வேலை பத்தரைல இருந்து மூணு மணி வரைக்கும். கையுறை கொண்டுவாங்க, ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது. புளியோதரை சமையல் குழு பாத்துக்கும், கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. கவுன்சிலர் அம்மாவும் வர்றேன்னு இப்ப தான் தலையாட்டுனாங்க, அவங்களுக்கு மறுபடியும் நன்றி. போன வருஷம் நாலு பேரு போனோம், சரிவுல ஒரு மூலை தான் ஆச்சு, அங்க இப்ப விரல் உயரத்துக்கு ரெண்டு ஓக் கன்னு நிக்குது, போட்டோவ கோவைல இருக்குற அம்மாவுக்கு அனுப்பினேன், தங்கச்சி போன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாங்களாம்.

வாசல்ல செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு நீல நோட்டு இருக்கு. பேரு எழுதுங்க, கூடவே ஷூ சைஸும் எழுதுங்க, அந்த வீட்டுல பதினோரு ஜோடி வெலிங்டன் ரப்பர் பூட்ஸ் எடுத்து வச்சிருக்காங்க.