நாய் டாக்டரா, மாட்டு டாக்டரா? வெட்னரி எக்ஸாம் எப்படித்தான் நடக்குது

[திரையில்: ஒரு மேஜை, மேல வரிசையா எலும்புங்க]

வணக்கம் மக்களே. நான் பிவிஎஸ்சி, அதாவது கால்நடை மருத்துவப் படிப்புல சேர்ந்தப்போ எங்க பெரியப்பா கேட்ட மொத கேள்வி, "நாய் டாக்டருக்கா மாட்டு டாக்டருக்கா படிக்கப்போற?" ரெண்டும்தான் பெரியப்பா, கூட ஆடு குதிரை பன்னி கோழி எல்லாம் இருக்குன்னேன், சும்மா கதை விடறான்னு நெனச்சிட்டாரு. ஆனா அதான் நெசம். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், ஆக அஞ்சரை வருஷம், கையில வர்றது ஒரே ஒரு டிகிரி. 1903ல ஆரம்பிச்ச மெட்ராஸ் வெட்னரி காலேஜா இருந்தாலும் சரி, நாமக்கல்லா இருந்தாலும் சரி, வெட்னரி கவுன்சில் ஆஃப் இந்தியா போட்ட ரூல்ஸ்தான் எல்லாருக்கும். அமெரிக்காவுல லைசென்ஸ் வாங்க எழுதற நேவ்லி எக்ஸாமும் அப்படித்தான், 360 கேள்வி, நாய் பூனை மாடு குதிரை எல்லாம் ஒரே பரீட்சைக்குள்ள.

சரி, இத்தனை மிருகத்தையும் ஒருத்தனுக்கு எப்படி டெஸ்ட் பண்றது?

மொத வருஷம் அனாட்டமில இருந்து வருவோம். மாட்டைத்தான் முழுசா படிப்போம், மத்ததெல்லாம் "மாட்டுல இருந்து இது எங்க மாறுது"ன்னு படிக்கறதுதான். ஸ்பாட்டர் எக்ஸாம்னு ஒண்ணு இருக்கு, மேஜைக்கு மேஜை ஒரு எலும்பு இல்ல ஒரு உறுப்பு வெச்சிருப்பாங்க, மணி அடிச்சா அடுத்த மேஜைக்கு போயிடணும், யோசிச்சிட்டு நின்னா பின்னாடி வர்றவன் முதுகுல மோதுவான். 

[திரையில்: ரெண்டு தோள்பட்டை எலும்பு பக்கத்துல பக்கத்துல]

இந்த ரெண்டையும் பாருங்க. நடுவுல ஓடற அந்த மேடு கீழ வந்து கூரா முடியுதா, அது மாடு. அந்தக் கூரு, அதாவது அக்ரோமியான், இல்லாம அப்படியே சரிஞ்சு மறைஞ்சிடுச்சா, அது குதிரை. அவ்ளோதான் வித்தியாசம், ஆனா மார்க் அதுக்குத்தான். வைவால, அதாவது வாயால பதில் சொல்ற பரீட்சைல, இன்னும் குசும்பு பண்ணுவாங்க, குதிரை ஈரலை கையில குடுத்து "பித்தப்பை எங்க, காட்டு"ம்பாங்க. நாமளும் திருப்பித் திருப்பி தேடுவோம். குதிரைக்கு பித்தப்பையே கிடையாதுங்க!

ஃபார்மகாலஜிக்கு, அதாவது மருந்து பத்தின பாடத்துக்கு வந்தா இது விளையாட்டு இல்ல. சைலசின்னு ஒரு மயக்க மருந்து, குதிரைக்கு கிலோவுக்கு சுமாரா 1 மில்லிகிராம் போடுவாங்க, மாடு அதுக்கு ரொம்ப சென்சிட்டிவ், பத்துல ஒரு பங்கு போதும். குதிரை கணக்குல மாட்டுக்கு ஊசி போட்டா மாடு சாஞ்சிடும், எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. நாம காய்ச்சலுக்கு முழுங்கற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கோழித் தீவனத்துல கலக்கற மொனென்சின் குதிரைக்கு போனா அதோட இதயத்தையே கெடுத்துடும். பேப்பர்ல கேள்வியெல்லாம் சின்னதாத்தான் இருக்கும், நாம எந்த மிருகத்தை மனசுல வெச்சு எழுதறோம்னு பாக்கறதுக்குத்தான் அது.

அப்புறம் கிளினிக்ஸ் பிராக்டிகல், எனக்கு கை நடுங்கினது இங்கதான். ஒரு மிருகத்தை விட்டுட்டு "எக்ஸாமின் பண்ணு"ன்னு சொல்லிட்டு எக்ஸ்டெர்னல், அதாவது வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர், ஓரமா நின்னுப்பாரு. கிட்ட எப்படி போற, எப்படி பிடிக்கற, அங்கயே மார்க் ஆரம்பிச்சிடும். நாடி பாக்க மாட்டுக்கு வாலுக்கு அடியில கை போகணும், நாய்க்கு தொடையோட உள்பக்கம், குதிரைக்கு தாடை எலும்போரம். 106 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினா மாட்டுக்கு கடுமையான காய்ச்சல், கோழிக்கு அது நார்மல்.

நான் ஒரு மாசம் முழுக்க மாட்டுக்கே ரெடியாகிட்டு போனேன், இடது விலாவுக்கு பின்னாடி ஸ்டெத் வெச்சு ரூமென், அதாவது மாட்டோட பெரிய வயிறு, அசையறத எண்றது எல்லாம் தூக்கத்துல கூட சொல்லுவேன். எனக்கு வந்தது ஒரு நாட்டுக்கோழி. பறந்துடுமோன்ற பயத்துல நெஞ்சைச் சேத்து இறுக்கிப் பிடிச்சிட்டேன், எக்ஸ்டெர்னல் மெதுவா கேட்டாரு, "ஏம்பா, அது மூச்சு விட வேணாமா?" பறவைக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினாத்தான் காத்தே உள்ள போகும், அதை அமுக்கினா அவ்ளோதான். தியரில இதையே ஒரு பக்கத்துக்கு எழுதினவன் நான், கை மட்டும் மறந்துடுச்சு.

இதுல ஒரு சங்கடம் இருக்கு. கிளினிக்குக்கு அன்னிக்கு என்ன கேஸ் வருதோ அதான் பரீட்சை. நாயும் மாடும் தினம் வரும், பன்னி எப்பவாவது, குதிரையும் அப்படித்தான். ஒருத்தனுக்கு சாதுவான லாப்ரடார், பக்கத்துல நிக்கறவனுக்கு சீறிக்கிட்டு பூனை, ரெண்டு பேருக்கும் ஒரே மார்க் ஷீட்! இது நியாயமான்னு கேட்டா எனக்கு இன்னமும் நியாயமா தெரியல. இதுக்குத்தான் செக்லிஸ்ட் வெச்சு ஸ்டெப் ஸ்டெப்பா மார்க் போடற முறை வந்துச்சு, பொம்மை மாடு, பொம்மை நாய்னு மாடல்ல பழக்கறதும் வந்துச்சு. சினை பாக்க கத்துக்கறேன்னு ஒரே மாட்டுக்குள்ள ஒரே நாள்ல எத்தனை பேரு கை விடறது, அதுக்கும் உயிர்தானே. ஆனா பொம்மை மாடு உதைக்காது, சாணி போடாது, அந்தப் பரீட்சையை அதால வைக்க முடியாது.

[திரையில்: ஒரு முழு எலும்புக்கூடு, பக்கவாட்டுல]

இப்ப உங்களுக்கு ஒரு ஸ்பாட்டர். விலா எலும்பு எண்ணிப் பாருங்க, ஒரு பக்கம் 18 இருக்கு. மாட்டுக்கும் நாய்க்கும் 13தான். என்ன மிருகம்? சீக்கிரம், மணி அடிக்கப்போறேன்.